ஊருக்கு ஒரு டீச்சர்: ஆறாவது தீர்மானம் பற்றி

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் பேசியது)

 குள்ளஞ்சாவடியில் இத்தனை பொம்பளைங்களை ஒரே இடத்தில் நான் பார்ப்பது ரேஷன் கடையில் பொங்கல் தொகுப்பு கொடுக்கிற அன்னைக்குத்தான். அதைவிட இன்னைக்குக் கூட்டம் அதிகம். சந்தோஷமா இருக்கு.

என்னை சேமிப்பைப் பற்றி அஞ்சு நிமிஷம் பேசச் சொன்னாங்க. மாசம் தவறாமல் சந்தா கட்டுகிற உங்களுக்கு சேமிப்பைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கு? அதனால் தலைவி அக்காவிடம் கேட்டுக்கொண்டு, சாப்பாட்டுக்கு முன்னாடி நீங்க கை தூக்கப் போகிற ஆறாவது தீர்மானத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

தீர்மானம் என்னன்னு எல்லாருக்கும் தெரியும். தெரியாதவங்களுக்காக ஒரு தடவை சொல்கிறேன். கூட்டமைப்பின் பொதுநிதியிலிருந்து வருஷத்துக்கு ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து டீச்சருக்குப் படிக்க உதவி செய்வது. பன்னிரண்டாவது முடித்து தொடக்கக் கல்விப் பட்டயத்துக்குப் போனாலும் சரி, பட்டம் முடித்து பி.எட். போனாலும் சரி, ரெண்டுமே ரெண்டு வருஷப் படிப்பு. மாசம் 1,500 ரூபாய் வீதம் 24 மாசத்துக்கு 36,000 ரூபாய். இது கடன் இல்லை. அதற்குப் பதிலாக அந்தப் பெண் படித்து முடித்ததும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு 3 வருஷம் பாடம் சொல்லித் தரணும். இதுவரைக்கும் நான் ரெண்டு கையையும் தூக்குவேன்.

அதுக்குக் கீழே எழுதியிருக்கிற நிபந்தனைகளைத்தான் நீங்க கவனிக்கணும். 3 வருஷம் சொல்லித் தராவிட்டால் முழுப் பணத்தையும் வட்டியோடு திருப்பிக் கட்டணும். கல்யாணமாகி வெளியூர் போனாலும் கட்டணும். அதுவரைக்கும் அந்தப் பெண்ணின் அசல் சான்றிதழ்கள் கூட்டமைப்பு பீரோவில் இருக்கும். இப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டால் நல்ல காரியம் கெட்டுப் போயிடும்னு எனக்குத் தோணுது. அதை விளக்கத்தான் வந்தேன்.

முதலில், டீச்சர் எதுக்குன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. "சர்க்கார் பள்ளிக்கூடம் இருக்கு, டீச்சர் இருக்காங்க, நாம எதுக்கு?" என்று போன கூட்டத்திலேயே ஒரு அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்வி. கல்வி உரிமைச் சட்டத்தில், தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரைக்கும் 2 ஆசிரியர் என்றுதான் கணக்கு. பிள்ளைகளோ ஒன்றாவதிலிருந்து ஐந்தாவது வரை 5 வகுப்பு. ஒரு டீச்சர் பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போய்விட்டால், மீதி ஒருத்தர் அஞ்சு வகுப்பையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகுது? சாயங்காலம் பிள்ளை வீட்டுக்கு வந்தால், நாம கொல்லையிலிருந்து அப்பத்தான் வந்திருப்போம். இல்லாட்டி முந்திரிக்கொட்டை உடைச்சு கையெல்லாம் எண்ணெய் பட்டு வெந்து போய் உட்கார்ந்திருப்போம். அந்தக் கையால் பிள்ளையின் நோட்டைத் தொட்டால் நோட்டே கறையாகும். ராத்திரி மேற்கே பார்த்தால் நெய்வேலி வெளிச்சம் தெரியுது. அங்கே டவுன்ஷிப்பில் பள்ளிக்கூடத்துக்கும் குறைவில்லை, டியூஷனுக்கும் குறைவில்லை. நம்ம தெருவில் பெருக்கல் வாய்ப்பாடு கேட்க ஆள் இல்லை.

கொரோனா முடிந்த சமயத்தில், 2021 அக்டோபரில், இல்லம் தேடிக் கல்வி வந்தது. மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில்தான் முதலமைச்சர் அதைத் தொடங்கி வைத்தார். தன்னார்வலருக்கு மாசம் 1,000 ரூபாய். எங்க தெருவில் காலேஜ் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் எங்க வீட்டுத் திண்ணையிலேயே வகுப்பு எடுத்தாள். சாயங்காலம் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் எழுத்துக் கூட்டவே தெரியாத பிள்ளைகள் நாலு மாசத்தில் பஸ் போர்டைப் படித்தார்கள். என் சின்னவன், கடலூர் போகிற பஸ்ஸை முதலில் படித்துச் சொன்னது அப்பத்தான். அவள் ஒண்ணும் பெரிய வித்தை செய்யலை. தினமும் வந்தாள், பிள்ளையின் பேரைத் தெரிந்து வைத்திருந்தாள், அவங்க அம்மாவையும் தெரிந்து வைத்திருந்தாள். அவ்வளவுதான். அவளுக்குக் கல்யாணம் ஆச்சு, திண்ணை காலி. இந்த விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன்.

படிக்கப் பணம் கொடுத்து, பதிலுக்குப் பாடம் சொல்லித் தரச் சொல்வது நாம புதுசாகக் கண்டுபிடித்தது இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னாடி சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி என்று ஒரு அம்மா இருந்தாங்க. சின்ன வயசிலேயே கல்யாணமாகி, சின்ன வயசிலேயே தாலி அறுத்தவங்க. அவங்க அப்பா தைரியமாகப் படிக்க வைத்தார். 1911-ல் பட்டம் வாங்கினாங்க. அடுத்த வருஷமே தன்னைப் போல இருந்த குழந்தை விதவைகளைக் கூட்டி வைத்துப் படிக்க வைக்க ஆரம்பித்தாங்க. பிறகு அந்த இல்லம் கடற்கரையில் ஐஸ் ஹவுஸுக்குப் போச்சு. அந்தக் காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டியைப் போட்டு வைத்திருந்த கட்டடம் அது. இப்போது விவேகானந்தர் இல்லம் என்கிறார்கள். வெள்ளைக்கார அரசாங்கம் அந்தப் பெண்களுக்கு உதவிப் பணம் கொடுத்தது. சும்மா இரக்கப்பட்டு மட்டும் கொடுக்கலை. பெண் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு ஆம்பிளை வாத்தியாரை விட அப்பன் ஆத்தாள் சம்மதிக்கலை, டீச்சரம்மா கிடைக்கலை. மூலையில் உட்கார வைத்திருந்த பெண்ணைப் படிக்க வைத்தால் டீச்சர் ஆவாள் என்று கணக்குப் போட்டது. 1922-ல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் வந்தது. அதன் தலைமைப் பொறுப்பும் சுப்புலட்சுமி அம்மாவுக்குத்தான்.

ஒண்ணு மறைக்கக் கூடாது. அந்த இல்லம் பிராமணக் கைம்பெண்களுக்கு மட்டும்தான். நம்ம மாதிரி வீட்டுப் பெண்ணுக்கு அதில் இடம் கிடையாது. அதையும் தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன். நான் எடுத்துக்கொள்வது ஒரே விஷயம். அங்கே படித்த பெண்ணுக்குத் தங்க இடம் இருந்தது, சாப்பாடு இருந்தது, படித்து முடித்தால் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடமும் இருந்தது. "போய்ச் சொல்லிக் கொடு" என்று சொன்னவங்க, எங்கே போய்ச் சொல்லிக் கொடுக்கணும் என்பதையும் வைத்திருந்தாங்க.

எங்க சின்ன மாமியார் வழியில் ஒருத்தர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். அங்கே தமிழும் ஆட்சிமொழி, பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் தேவை. பட்டம் முடித்தவர் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தால் படிப்புச் செலவு அரசாங்கத்தோடது, படிக்கும்போதே சம்பளமும் உண்டு. முடித்ததும் 3 வருஷம் கட்டாயம் டீச்சராக இருக்கணும், இல்லாவிட்டால் பணத்தைக் கட்டணும். நிபந்தனை கறாரானதுதான். ஆனால் யாரும் அழவில்லை. ஏன்னா வேலையையும் அதே அரசாங்கமே கொடுத்துவிடுகிறது.

இப்போ அமெரிக்கா கதையைக் கேளுங்க. எங்க குழுவில் கணக்கு எழுதுகிற பெண் போனில் தேடிப் படித்துச் சொன்னாள். டீச்சருக்குப் படிக்கிறவங்களுக்கு வருஷம் 4,000 டாலர் வரைக்கும் உதவி என்று 2007-ல் அங்கே சட்டம் போட்டார்கள். படித்து முடித்து 8 வருஷத்துக்குள் 4 வருஷம், ஏழைப் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில், ஆள் கிடைக்காத பாடத்தைச் சொல்லித் தரணும். தவறினால் உதவிப் பணம் கடனாக மாறிவிடும். அதுவும் பணம் வாங்கின நாளிலிருந்தே வட்டி. வருஷா வருஷம் "சொல்லித் தந்துகொண்டிருக்கிறேன்" என்று காகிதம் அனுப்பணும். அங்கேதான் வந்தது வினை. உண்மையாகவே ஏழைப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவங்களுக்கே, காகிதம் கொஞ்சம் தாமதமாய்ப் போச்சு, ஒரு கையெழுத்து விட்டுப் போச்சு, தேதி போடலை என்று கடனாக மாற்றிவிட்டார்கள். ஆயிரக்கணக்கான பேருக்கு இப்படி. ஒரு தடவை கடனாக மாறினால் திருப்ப முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள். 2018-ல் ரேடியோவில் இது வெளியே வந்து நாறின பிறகுதான் அரசாங்கம் இறங்கி வந்து திருத்தியது.

இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அமெரிக்காக்காரனும் நம்ம மாதிரிதான்! ஒரு நாள் தவணை தவறினால் என்ன பாடு என்று நமக்குத் தெரியாதா? வேலையை ஒழுங்காகச் செய்தவளைக் காகிதம் கவிழ்த்துவிடும். அதனால்தான் சொல்கிறேன், நிபந்தனை வைக்கிறவங்க அந்தப் பெண்ணை மட்டும் கட்டிப்போட்டு, தங்களைக் கட்டிக்கொள்ளாமல் விட்டால் அது உதவி இல்லை, நாள் தள்ளிப் போட்ட கடன்.

நம்ம தீர்மானத்துக்கு வருவோம். "நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு 3 வருஷம் சொல்லித் தரணும்" என்று எழுதியிருக்கோம். எங்கே? சர்க்கார் பள்ளியில் என்றால், அது அந்தப் பெண் கையில் இல்லை, நம்ம கையிலும் இல்லை. படித்து முடித்தவுடனே வேலை கிடைத்தது அந்தக் காலம். இப்போ டெட் என்கிற தகுதித் தேர்வு எழுதணும். ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும் ஒரு தாள், ஆறிலிருந்து எட்டு வரைக்கும் இன்னொரு தாள், ஒவ்வொன்றும் 150 மார்க். அதில் பாஸ் பண்ணினாலும் உடனே வேலை இல்லை. 2018-லிருந்து மேலே இன்னொரு போட்டித் தேர்வு. டெட் பாஸ் பண்ணின சான்று முன்னாடி 7 வருஷத்துக்குத்தான் செல்லும். 2021-ல் ஆயுசுக்கும் செல்லும் என்று மாற்றினாங்க, அது ஒரு நிம்மதி. அப்படியும் பாஸ் பண்ணிவிட்டு வருஷக்கணக்கில் காத்துக்கொண்டு, ஜவுளிக் கடையிலும் மருந்துக் கடையிலும் நிற்கிற பெண்களை நீங்களே பார்த்திருப்பீங்க. ஒரு காலத்தில் எங்கே திரும்பினாலும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி போர்டு இருந்தது. வேலை இல்லை என்று ஆனதும் பிள்ளைகள் சேரலை, ஒவ்வொன்றாக மூடிவிட்டாங்க. இந்த நிலைமையில் ஒரு பெண் நம்மை நம்பிப் படித்துவிட்டு வந்து, வேலை கிடைக்காததற்காக நமக்கே வட்டி கட்டணுமா?

அதனால் இடத்தை நாம்தான் வைத்திருக்கணும். நம்ம கூட்டமைப்புக் கட்டடம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல் பூட்டித்தான் கிடக்குது. அங்கே மாலை வகுப்பு நடத்தலாம். கரும்பலகை, விளக்கு, பாய் போதும். அவளுக்கு மாசம் ஒரு தொகை கூட்டமைப்பு கொடுக்கணும், சும்மா செய் என்று சொல்லக் கூடாது. நாம் ஒரு கொட்டை உடைத்தாலும் கிலோக் கணக்கில் கூலி கேட்கிறோம், அவள் மட்டும் இலவசமாக உழைக்கணுமா? இன்னொரு வழியும் இருக்கு. ஆசிரியர் இடம் காலியாக இருந்தபோது பள்ளி மேலாண்மைக் குழு மூலமாகத் தற்காலிக ஆசிரியரைப் போட்டுக்கொள்ள 2022-ல் அரசு அனுமதி கொடுத்தது. இடைநிலை ஆசிரியருக்கு முதலில் 7,500 ரூபாய் என்றாங்க, பிறகு 12,000 ஆக்கினாங்க. அந்த மேலாண்மைக் குழுவில் உட்கார்ந்திருக்கிறது யார்? நம்மில் பல பேர்தான். கூட்டத்துக்குப் போய் கையெழுத்துப் போட்டு டீ குடித்துவிட்டு வருகிறோம். அடுத்த தடவை அப்படி இடம் வந்தால், தகுதியுள்ள நம்ம ஊர்ப் பெண் இருக்கிறாள் என்று வாய் திறந்து சொல்லலாம். இப்படிச் சொல்லித் தந்த எந்த மாசமும் 3 வருஷக் கணக்கில் சேரணும். நம்மால் இடம் கொடுக்க முடியாமல் போன மாசமும் சேரணும். அது நம்ம குறை, அவள் குறை இல்லை.

அசல் சான்றிதழ் விஷயம் சீக்கிரம் முடிக்கிறேன். தேர்வில் பாஸ் பண்ணினால் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அசலைத்தான் எடுத்து வரச் சொல்வாங்க. அன்னைக்கு பீரோ சாவி வைத்திருக்கிற அக்கா மகள் வீட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தால் என்ன செய்வது? நகல் போதும். அந்த வரியை அடித்துவிடுங்க.

இனிமேல்தான் கஷ்டமான இடம். கல்யாணம்.

"இன்னொருத்தன் வீட்டுக்குப் போகிறவளுக்கு நம்ம பணமா?" இப்படிக் கேட்கிறவங்க நிறைய பேர் இருக்கீங்க, எனக்குத் தெரியும். கோபப்படலை. ஆனால் ஒண்ணு செய்யுங்க. உங்க வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறவளைப் பாருங்க, இடது பக்கம் உட்கார்ந்திருக்கிறவளைப் பாருங்க. இதில் குள்ளஞ்சாவடியில் பிறந்து குள்ளஞ்சாவடியிலேயே வாழ்க்கைப்பட்டவங்க எத்தனை பேர்? எங்க குழுவில் 12 பேர், அதில் 9 பேர் வெளியூர்ப் பெண்கள். நான் விருத்தாசலம் பக்கம். எங்க ஊரில் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவங்க யாரும் குள்ளஞ்சாவடிக்காகச் சொல்லிக் கொடுக்கலை. ஆனால் பத்து வருஷமாக நம்ம குழுவின் தீர்மானப் புத்தகத்தை எழுதுகிறது அந்த எழுத்துத்தான்.

நான் பத்தாவதில் 412 மார்க். மேலே படிக்க ரெண்டு பஸ் மாறிப் போகணும், எனக்குக் கீழே மூணு பேர், அப்பா போதும் என்று சொல்லிவிட்டார். அன்னைக்கு சர்க்காரில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேரில் திருமண உதவித் திட்டம் இருந்தது. 1989-ல் ஆரம்பித்தது. பத்தாவது வரைக்கும் பெண் படித்திருந்தால் கல்யாணத்துக்குப் பணம். நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்தாங்க, அதனால் பத்தாவது வரைக்குமாவது விட்டு வைத்த வீடுகள் உண்டு. ஆனால் பதினொன்றாவது போக ஒரு உதவியும் இல்லை, கல்யாணத்துக்கு உதவி இருந்தது. எங்க வீட்டில் எதைத் தேர்ந்தெடுத்தாங்க என்று நான் இங்கே நிற்பதைப் பார்த்தாலே தெரியும்! 2022-ல் அந்தத் திட்டத்தையே மாற்றிவிட்டாங்க. அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படித்த பெண் மேலே படிக்கப் போனால் மாசம் 1,000 ரூபாய், புதுமைப் பெண் திட்டம். அதே அம்மையார் பேர்தான். கல்யாணத்துக்குக் கொடுத்த பணத்தை அரசாங்கமே படிப்புக்கு மாற்றிய பிறகு, நாம் படிப்புக்குக் கொடுக்கிற பணத்தைக் கல்யாணத்தோடு முடிச்சுப் போடுவது சரியா? அந்த 1,000 ரூபாயும் முதல் பட்டம் வரைக்கும்தான். பி.எட். படிக்கிற ரெண்டு வருஷத்துக்கு அது வராது. நம்ம பணம் சரியாக அந்தப் பள்ளத்தில் போய் விழும்.

கல்யாணமானால் வட்டியோடு கட்டணும் என்று எழுதினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்க. பெண் பார்க்க வருகிறவங்க நகை எத்தனை பவுன் என்று கேட்பதோடு, கூட்டமைப்பில் பெண் பேரில் கடன் எவ்வளவு என்றும் கேட்பாங்க. அப்பன்காரன் விண்ணப்பமே போட விடமாட்டான். இல்லாத வீட்டுப் பெண் ஒதுங்கிப் போய், 36,000 ரூபாயை எப்ப வேணாலும் திருப்பிக் கட்ட முடிந்த வீட்டுப் பெண்தான் விண்ணப்பம் போடுவாள். அவளுக்கு நம்ம பணமே தேவையில்லை.

நான் கேட்கிற மாற்றம் இதுதான். தமிழ்நாட்டில் எந்த ஊராட்சிக்குப் போனாலும் அங்கே மகளிர் குழு இருக்கு, கூட்டமைப்பு இருக்கு. நம்ம பெண் எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாலும், அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள் என்று அந்த ஊர்க் கூட்டமைப்பு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும். அதையும் வாங்க வேண்டியது நம்ம செயலாளர் வேலை. அமெரிக்கா மாதிரி அவளை அலையவிடக் கூடாது. திண்ணையில் வகுப்பு எடுத்தாளே ஒரு பெண், அவள் இப்போது திட்டக்குடிப் பக்கம் இருக்கிறாள். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தெருப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லித் தருகிறாள். போன மாசம் போனில் பேசினேன். நம்ம கணக்கில் அவள் தவறினவளா?

"அப்போ நம்ம ஊருக்கு என்ன லாபம்?" என்று கேட்பீங்க. கொஞ்சம் குறையும், ஒத்துக்கொள்கிறேன். அதற்காகத்தான் படித்து முடித்த முதல் வருஷம் மட்டும் இங்கேயே இருக்கணும் என்று வைத்துக்கொள்ளலாம் என்கிறேன். அந்த ஒரு வருஷம் கல்யாணத்தைத் தள்ளிப் போட நம்ம கையெழுத்து ஒரு சாக்காகவும் இருக்கட்டுமே. வீட்டில் தானாகச் சொல்ல முடியாத பெண்ணுக்கு "கூட்டமைப்பில் எழுதிக் கொடுத்திருக்கோம்" என்று சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கும்.

யாருடைய பெண்ணுக்கு முதலில் என்ற சண்டை வரத்தான் செய்யும். என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். அவளுக்காகப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவளுக்கு போலீஸ் ஆகணுமாம். தேர்ந்தெடுக்கிற குழுவில் விண்ணப்பம் போட்ட வீட்டுக்காரங்க யாரும் இருக்கக் கூடாது, அப்பா இல்லாத பெண்ணுக்கும் கொட்டை உடைக்கிற வீட்டுப் பெண்ணுக்கும் முன்னுரிமை. இதைப் பொருளாளர் அக்கா ஏற்கனவே ஒத்துக்கொண்டிருக்காங்க.

தீர்மானப் புத்தகத்தில் எழுதும்போது இப்படி எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்: "3 ஆண்டுகள் பாடம் சொல்லித் தர வேண்டும், முதல் ஆண்டு குள்ளஞ்சாவடியிலும் மற்ற ஆண்டுகள் அவர் வாழும் ஊரிலும் இருக்கலாம். கற்பிக்க இடமும் மாதத் தொகையும் ஏற்பாடு செய்வது கூட்டமைப்பின் பொறுப்பு. இடம் கொடுத்தும் மனமில்லாமல் மறுத்தால் மட்டும், வட்டி இல்லாமல், தவணையில் திருப்பித் தர வேண்டும். அசல் சான்றிதழ் வாங்கப்பட மாட்டாது." மாதத் தொகை எவ்வளவு என்பதை இன்னைக்கே பேசி முடித்துவிட்டால் நல்லது. நான் 2,000 என்கிறேன், குறைவு என்று நினைக்கிறவங்க கூட்டிச் சொல்லலாம்.

பந்தலுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறவங்க கையை நல்லா உயர்த்துங்க, எண்ணுகிறவங்களுக்குத் தெரியணும்.